குயின் மேரி 2 கப்பலின் குயின்ஸ் ரூம்: ஆடத் தெரிந்தவர்களுக்கு ஒரு மதிப்புரை

குயின் மேரி 2-இல் மனம் நிறைய ஆட வேண்டும் என்றால் காலா இரவை, அதாவது எல்லோரும் சம்பிரதாய உடையில் வரும் விழா இரவை, நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். உடுத்திக்கொண்டு வரவும் படமெடுக்கவும் வேடிக்கை பார்க்கவும் அது அருமையான இரவு. வால்ட்ஸ் என்ற மூன்று தாள ஜோடி நடனத்தில் அரங்கை ஒரு முழுச் சுற்று தடையில்லாமல் வர வேண்டுமானால் மறுநாள் இரவுதான் தோது. கப்பலில் உள்ள ஆடுதளம் நல்ல ஆடுதளம். அதில் எப்போது இறங்குவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

குனார்ட் நிறுவனத்தின் இந்தக் கப்பல் 2004 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. நீளம் 345 மீட்டர். ஆண்டின் பெரும்பகுதி சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே 7 இரவுகளில் அட்லாண்டிக்கைக் கடக்கிறது. வழியில் துறைமுகம் கிடையாது. ஆடுகிறவர்களுக்கு இதுவே பெரிய லாபம். மத்தியதரைக் கடலில் சுற்றும் உல்லாசக் கப்பல்களில் ஜனங்கள் பகலெல்லாம் ஊர் பார்த்துக் களைத்து வருவார்கள், பத்து மணிக்கெல்லாம் அரங்கு வெறிச்சோடிவிடும். இங்கே எல்லா நாளும் கடல் நாள். காலையில் வகுப்பு, இரவில் ஆட்டம், இடையில் வேறு வேலை இல்லை.

குயின்ஸ் ரூம் என்ற நடன அரங்கு 3-ஆம் டெக்கில், கப்பலின் பின்பகுதியில் இருக்கிறது. ஒரு பக்க ஜன்னலிலிருந்து மறுபக்க ஜன்னல் வரை கப்பலின் அகலம் முழுவதையும் எடுத்துக்கொண்ட கூடம். உயரமான கூரை, பெரிய சரவிளக்குகள், ஒரு முனையில் வாத்தியக் குழுவுக்கான மேடை. நடுவில் மர ஆடுதளம், சுற்றிலும் கம்பளமும் சிறு மேசைகளும். மரம் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பல கப்பல்களில் 'நடன அரங்கு' என்ற பெயரில் கிடைப்பது நடுக்கூடத்துப் பளிங்குத் தரை. அதில் ஒரு மணி நேரம் ஆடினால் முழங்கால் சொல்லிவிடும். சுவேட் (சொரசொரப்பான தோல்) அடிப்பாகம் வைத்த நடன ஷூவும் பளிங்கில் எந்த இடத்தில் வழுக்கும், எந்த இடத்தில் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. இங்கே அந்தத் தொல்லை இல்லை.

இடத்தில்தான் ஒரு குறை. கப்பல் அலையில் ஏறி இறங்கும்போது முனைகள் இரண்டும்தான் அதிகம் அசையும், நடுப்பகுதி அடங்கியிருக்கும். குயின்ஸ் ரூம் பின்பக்கம் என்பதால் கடல் கொந்தளித்தால் தரை மேலும் கீழும் போவது நன்றாகவே தெரியும். இதே நிறுவனத்தின் குயின் விக்டோரியா, குயின் எலிசபெத் கப்பல்களில் இந்த அரங்கு 2-ஆம் டெக்கில், கப்பலின் நடுவில் இருக்கிறது. அசைவை மட்டும் பார்த்தால் அந்த இடம் மேல். ஆனால் அவை அட்லாண்டிக் கடப்பையே தொழிலாகக் கொண்டு கட்டிய கப்பல்கள் அல்ல. குயின் மேரி 2-இன் நீளமும் ஆழமான அடிப்பாகமும் பெரும்பாலான நாட்களில் இந்தக் குறையைச் சமாளித்துவிடுகின்றன. டிசம்பர் முதல் மார்ச் வரையான கடப்புகளில் மட்டும் எச்சரிக்கை தேவை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் பொதுவாக அடக்கமான மாதங்கள்.

அலை இருக்கும் இரவில் என்ன தவறும்? வால்ட்ஸில் மூன்றாவது எண்ணிக்கையில் உடல் உயர்ந்து நிற்கும் நேரத்தில் தரை கீழே போனால், அடுத்த அடிக்குக் கால் தேடும்போது தரை இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. பின்னால் அடிவைத்து வரும் பெண்ணுக்கு இது இரட்டை ஆபத்து. எடை குதிகாலுக்குப் போய், இரண்டு பேரும் சேர்ந்து சாய்வார்கள். செய்ய வேண்டியது இதுதான்: அடியின் நீளத்தைப் பாதியாகக் குறையுங்கள், குதிகாலை உயர்த்தாமல் முழங்காலைத் தளர்த்தித் தட்டையாக ஆடுங்கள், ஸ்பின் டர்ன் போன்ற ஒற்றைக்கால் சுழற்சிகளை அன்றைக்கு மறந்துவிடுங்கள். விஸ்க், சேஸே, ஹெசிடேஷன் போன்ற எளிய அடிகள் போதும். அலை இன்னும் கூடினால் நின்ற இடத்தில் ஆடும் ரும்பாவும் சா-சாவும்தான் வழி. அந்த இரவில், வேகமாகச் சுழலும் வியன்னீஸ் வால்ட்ஸ் ஆடுகிறவர்களுக்குப் பக்கத்தில் போகாதீர்கள்.

நேர அட்டவணையைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கடல் நாட்களில் தொழில்முறை ஆசிரியர் ஜோடி ஒன்று குயின்ஸ் ரூமில் குழு வகுப்பு எடுக்கும். கட்டணம் இல்லை. தனி வகுப்புக்குக் காசு. வகுப்புக்கு ஒரு நடனம் என்று வைத்து, மூன்று நான்கு அசைவுகளைக் கோத்துச் சொல்லித் தருவார்கள். கூட்டம் அதிகம், ஒவ்வொருவரின் காலையும் பார்த்துத் திருத்த ஆசிரியர்களுக்கு நேரம் இருக்காது. ஆகவே ஒன்றுமே தெரியாமல் போய் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டு வரலாம் என்ற நினைப்பு வேண்டாம். ஊரிலேயே மூன்றைப் பழகிக்கொண்டு போங்கள். வால்ட்ஸ் பெட்டி: ஆண் இடது காலை முன்வைத்து, வலது காலைப் பக்கவாட்டில் வைத்து, இடதைச் சேர்க்க வேண்டும். பிறகு வலது பின்னால், இடது பக்கவாட்டில், வலதைச் சேர்க்க வேண்டும். பெண்ணுக்கு இதன் எதிர்ப்படி. ஒவ்வொரு மூன்று எண்ணிக்கைக்கும் நான்கில் ஒரு பங்கு வட்டம் இடப்பக்கம் திருப்பப் பழகிவிட்டால் எந்த நெரிசலிலும் பிழைக்கலாம். இரண்டாவது சா-சாவின் அடிப்படை. மூன்றாவது, மெது-மெது-விரைவு-விரைவு என்று போகும் சோஷியல் ஃபாக்ஸ்ட்ராட். இனம் தெரியாத நாலு தாளப் பாட்டு எது வந்தாலும் மூன்றாவது கைகொடுக்கும்.

பிற்பகலில் அதே கூடம் தேநீர்க் கூடமாகிவிடும். வெள்ளைக் கையுறை போட்ட பணியாளர்கள் சாண்ட்விச்சும் ஸ்கோனும் கொண்டுவரும் நேரம் அது. காலையில் கற்றதை நாலு மணிக்குப் போய்த் தனியாக ஆடிப் பார்க்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பயிற்சிக்கு, வகுப்பு முடிந்து அடுத்த நிகழ்ச்சி தொடங்குவதற்குள் கிடைக்கும் இடைவெளியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டானியா உணவகத்தில் சாப்பாட்டுக்கு இரண்டு பந்தி, மாலை 6-க்கு ஒன்று, 8.30-க்கு ஒன்று. ஆடுகிறவர்கள் முதல் பந்தியையே கேட்டு வாங்க வேண்டும். இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தால் இனிப்பு வந்து எழும்போது மணி பத்தைத் தொட்டுவிடும், வயிறும் நிறைந்திருக்கும். முதல் பந்திக்காரர்களுக்கு உணவு இறங்க ஒரு மணி நேரம், பிறகு ஒலிப்பதிவு இசைக்கு ஓர் ஆட்டம், வாத்தியக் குழு வந்ததும் முழு இரவு.

திசையையும் யோசியுங்கள். சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க் போகும்போது 5 மணி நேர வித்தியாசத்தைச் சரிக்கட்ட, இரவில் ஒரு மணி நேரம் என்று கடிகாரத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே போவார்கள். நள்ளிரவு வரை ஆடிவிட்டும் நன்றாகத் தூங்கலாம். எதிர்த்திசையில் அந்த ஒரு மணி நேரம் நாளிலிருந்து பறிபோகும், பெரும்பாலும் நண்பகலில். மதிய நிகழ்ச்சிகள் அன்று நெருக்கியடித்துக்கொண்டு வரும். ஆட்டத்துக்காகப் போகிறவர்களுக்கு மேற்கு நோக்கிய பயணமே சரி. கட்டணம் கொஞ்சம் கூட இருந்தாலும்.

இனி காலா இரவு. 7 இரவுப் பயணத்தில் வழக்கமாக இரண்டு வரும். கறுப்பு-வெள்ளை, முகமூடி என்று பயணத்துக்குப் பயணம் தலைப்பு மாறும். மாலை 6 மணிக்கு மேல் ஆண்கள் டின்னர் ஜாக்கெட் அல்லது அடர்நிற சூட்டில், போ டை அல்லது நீள டையோடு வர வேண்டும். பெண்களுக்கு மாலை கவுன், காக்டெயில் உடை, நேர்த்தியான பேண்ட்-சூட். நாட்டின் சம்பிரதாய உடையும் செல்லும். உடுத்த மனமில்லாதவர்களுக்குக் கிங்ஸ் கோர்ட் பஃபே, கோல்டன் லயன் பப் போன்ற சில இடங்கள் திறந்திருக்கும். ஆனால் குயின்ஸ் ரூம் அன்று விதிப்படிதான்.

விதியில் தவறில்லை. இரவு பத்து மணிக்கு அந்தக் கூடத்தில் நுழைந்தால், இன்றைக்கு எத்தனை இடத்தில் இப்படி ஒரு காட்சி மிஞ்சியிருக்கிறது என்றுதான் தோன்றும். சிக்கல் என்னவென்றால், ஆடாதவர்களும் அன்று வந்துவிடுகிறார்கள். செல்போனில் படமெடுக்க ஆடுதளத்தின் ஓரத்தில் நிற்பவர்கள், நடுவில் நின்று தோளைப் பிடித்து அசைபவர்கள், ஜி32 இரவு விடுதி இந்த அரங்குக்குப் பின்னால் இருப்பதால் அந்தப் பக்கம் போகிறவர்கள். ஜோடிகள் எல்லாம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நகர வேண்டும், வேகமானவர்கள் வெளிவட்டத்தில், நின்று ஆடுபவர்கள் நடுவில் என்பது எங்கும் உள்ள முறை. காலா இரவில் இந்த முறை காப்பாற்றப்படுவதில்லை. வேகமாக ஓடி ஆடும் குவிக்ஸ்டெப்புக்கு இறங்கினால் மூலைக்கு மூலை பிரேக் போட வேண்டியிருக்கும். பதினோரு மணிக்கு மேல் படக்காரர்கள் கலைவார்கள், அப்போது இறங்குங்கள். அல்லது காலா அல்லாத இரவுகளில் வாருங்கள். ஜாக்கெட் போதும், டை கட்டாயமில்லை, அதே வாத்தியக் குழு, பாதிக் கூட்டம்.

உடையில் ஆடுகிறவர்கள் மட்டுமே சந்திக்கும் தொல்லைகள் சில. கடையில் வாங்கும் டின்னர் ஜாக்கெட்டின் அக்குள் வெட்டு தாழ்வாக இருக்கும். கையைத் தூக்கி நடனப் பிடிக்கு வந்தவுடன் தோள்பட்டை காது வரை ஏறிவிடும். வாங்கும்போது கண்ணாடி முன் கையைப் பக்கவாட்டில் உயர்த்திப் பாருங்கள். பெல்ட்டை விட சஸ்பெண்டர் மேல், சட்டை வெளியே வராது. பளபளக்கும் பேட்டன்ட் ஷூக்கள் ஒன்றோடொன்று உரசும்போது ஒட்டிக்கொண்டு தடுக்கும். உள்பக்க ஓரங்களில் துளி வாஸ்லைன் தடவினால் தீரும். சுவேட் ஷூவைப் பையில் எடுத்துப்போய் மேசையருகே மாற்றிக்கொள்ளுங்கள். திறந்த டெக்கின் ஈரத்தில் ஒரு தடவை நடந்தாலே அடிப்பாகம் இறுகிப்போகும். அதை மறுபடி சொரசொரப்பாக்கக் கம்பிப் பிரஷ் வேண்டும், அது இல்லாமல் போகாதீர்கள். அறையில் இஸ்திரிப் பெட்டிக்கு அனுமதியில்லை. பொதுச் சலவை அறைகளில் இலவசமாக இருக்கிறது, காலா நாள் பிற்பகலில் அங்கே வரிசை நிற்கும் என்பதால் முந்தைய நாளே தேய்த்து மாட்டிவிடுங்கள்.

பட்டுப் புடவை தாராளமாகக் கட்டலாம், ஆனால் ஆடுவதற்கென்று கட்ட வேண்டும். வால்ட்ஸில் பெண் பெரும்பாலும் பின்னால் அடிவைப்பதால், தரையைத் தொடும் கரை அவர் குதிகாலுக்கே அகப்படும். நடன ஷூவைப் போட்டுக்கொண்டு கட்டி, கரையைத் தரையிலிருந்து ஓர் அங்குலத்துக்கு மேலேயே நிறுத்துங்கள். உடலை ஒட்டிய ஷேப்வேர் பாவாடை அடியைச் சுருக்கிவிடும், அகலமான பழைய பாணி உள்பாவாடைதான் வேண்டும். கொசுவத்தை இடுப்பில் ஒரு பின், ஒரு சாண் கீழே உள்பக்கமாக இன்னொரு பின். முந்தானையை விரித்து விடாமல் மடித்துத் தோளில் குத்தி, தொங்கும் முனையை முன்னால் கொண்டுவந்து இடுப்பில் செருகுங்கள். இல்லாவிட்டால் துணைவரின் வலது கை உங்கள் தோள்பட்டை எலும்பில் அமராமல் பட்டிலும் ஜரிகையிலும் வழுக்கிக்கொண்டே இருக்கும். இவ்வளவு செய்தாலும் குவிக்ஸ்டெப்புக்குப் புடவை ஒத்துவராது. ரும்பா, வால்ட்ஸ், சோஷியல் ஃபாக்ஸ்ட்ராட் வரை சரி. காஞ்சிபுரத்தைவிட எடை குறைந்த மென்பட்டு நன்றாக அசையும்.

இசைக்கு முழு மதிப்பெண் தர முடியாது. நேரடி வாத்தியக் குழுவும் பாடகரும் இருப்பது இன்றைய கடலில் அபூர்வம், அதற்காகவே பாராட்டலாம். ஆனால் ஆட்டத்துக்கு வேகம் துல்லியமாக வேண்டும்: வால்ட்ஸுக்கு நிமிடத்துக்கு 28 முதல் 30 பார் (தாளச் சுற்று), குவிக்ஸ்டெப்புக்கு 50 முதல் 52, ரும்பாவுக்கு 25 முதல் 27. இந்தக் கட்டுப்பாட்டுக்கென்றே 1935-இல் விக்டர் சில்வெஸ்டர் தனிக் குழு அமைத்தார், அவரே 1922-இன் உலக சாம்பியன். கப்பல் குழுக்கள் பாடகரின் வசதிக்கு வாசிக்கும்போது வால்ட்ஸ் 36-ஐத் தொட்டுவிடும். மெது வால்ட்ஸுக்கு அது ஓட்டம், 60 பார் ஓடும் வியன்னீஸுக்கு அது நடை. அப்போது பெட்டியைச் சுருக்கி ஆடுவதைத் தவிர வழியில்லை. இடைவேளையில் போடும் ஒலிப்பதிவுகள் பெரும்பாலும் சரியான வேகத்தில் இருக்கும், தேர்ந்த ஜோடிகள் அப்போதுதான் எழுந்து வருவார்கள். ஸ்கொயர் டாங்கோ, மேஃபேர் குவிக்ஸ்டெப் போன்ற, எல்லா ஜோடிகளும் ஒரே அடிவரிசையை ஒன்றாக ஆடும் சீக்வென்ஸ் நடனங்களே உங்கள் விருப்பம் என்றால் பி அண்ட் ஓ நிறுவனத்தின் பிரிட்டிஷ் கப்பல்களைப் பாருங்கள். அங்கே அதற்கு இடம் அதிகம்.

தனியாக வரும் பெண்களுக்காக நிறுவனமே நடனத் துணைவர்களை ஏற்பாடு செய்கிறது. வழக்கமாக ஆண்கள், ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும் எண்ணிக்கை. ஒருவரோடே இரவு முழுவதும் ஆடக் கூடாது, எல்லோருக்கும் முறை வைத்து ஆட வேண்டும் என்பது அவர்களுக்கு விதி. காத்திருக்கும் பெண்கள் அவர்களைவிடப் பல மடங்கு இருப்பார்கள். ஒரு மணி நேரத்தில் மூன்று ஆட்டம் கிடைத்தால் நல்ல இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் வகுப்பிலேயே முகம் காட்டி, எந்த நடனம் வரும் என்று சொல்லிவைத்து, இரவில் ஆடுதளத்தை ஒட்டிய மேசையில் நடன ஷூவோடு உட்காருங்கள். பின்வரிசையில் ஹீல்ஸும் கைப்பையுமாக இருப்பவரை வேடிக்கை பார்க்க வந்தவர் என்று நினைத்துக் கடந்துபோய்விடுவார்கள். தனியாக வரும் ஆணுக்கு இந்த ஏற்பாட்டால் பயன் குறைவு, ஆனால் ஆடத் தெரிந்தவர் என்று வகுப்பில் தெரிந்துவிட்டால் அவருக்கு உட்கார நேரம் இருக்காது.