உயிர்க்கோழி, உறைந்த துண்டுகள், போலனி: எதில் ஆபத்து அதிகம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் வட்டாரத் தமிழ் வீடுகளுக்குக் கோழி மூன்று வடிவில் வருகிறது: உயிரோடு வாங்கி அறுப்பது, பையில் கிடைக்கும் உறைந்த துண்டுகள், பிள்ளைகளின் ரொட்டிக்குள் வைக்கும் போலனி என்னும் அரைத்த இறைச்சிப் பண்டம். பச்சை இறைச்சியில்தான் கிருமி இருக்கும், ஆலையிலேயே வெந்து வரும் போலனிக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பது பலரின் நம்பிக்கை. என் கணிப்பு இதற்கு நேர்மாறானது.

பச்சைக் கோழியில் சால்மொனெல்லாவும் கேம்பைலோபாக்டரும் இருக்கக்கூடும்; உறைநிலையும் அவற்றை முழுமையாகக் கொல்வதில்லை. ஆனால் துண்டின் நடுப்பகுதி 74 பாகை செல்சியஸை எட்டினால் இரண்டும் அழிந்துவிடும், நன்றாகக் கொதித்த குழம்பில் அந்தச் சூடு எளிதில் கிடைக்கும். கவலை அதற்கு முந்தைய அரை மணி நேரத்தைப் பற்றியதுதான். மஞ்சளும் உப்பும் போட்டுக் குழாயடியில் அலசினால் கவிச்சி குறையலாம். தெறிக்கும் நீரோ அருகில் நறுக்கி வைத்த கொத்தமல்லியிலும் வெள்ளரியிலும் கிருமியைச் சேர்த்துவிடும்.

உயிர்க்கோழியின் சுவைக்கு ஈடில்லை என்பதை மறுக்க மாட்டேன். எனினும், 2000ஆம் ஆண்டின் இறைச்சிப் பாதுகாப்புச் சட்டம் சொந்த உணவுக்காகவும் சமயச் சடங்குக்காகவும் அறுப்பதற்கு விலக்கு அளிப்பதால், அங்கே ஆய்வாளர் எவரும் இல்லை. குடல் கிழியாமல் அகற்றுவது அறுப்பவரின் கைத்திறனைப் பொறுத்தது. உறைந்த துண்டுகள் ஆய்வுக்கு உட்பட்ட அறுப்புக் கூடத்திலிருந்து வருகின்றன. அவற்றில் ஏற்றப்படும் உப்புநீர், 2016 முதல் 15 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாதென்றாலும், உருகும்போது கசிந்து குளிர்பெட்டியின் மற்றத் தட்டுகளில் சொட்டும் என்பதால், ஆழமான பாத்திரத்தில் இட்டு அடித்தட்டில் வைப்பதே முறை.

போலனியில் இருக்கக்கூடிய லிஸ்டீரியா வேறு வகையான கிருமி. ஆலையில் வெந்த பிறகு வெட்டும்போதும் பொதியும்போதும் அது ஒட்டிக்கொள்ளலாம். குளிர்பெட்டிக்குள்ளும் மெல்லப் பெருகும். அப்படியே உண்ணும் பண்டம் என்பதால் அதை அழிக்கும் அடுப்பும் குறுக்கே வராது. தென்னாப்பிரிக்காவில் 2017 சனவரி முதல் 2018 சூலை வரை 1,060 பேருக்கு லிஸ்டீரியா நோய் உறுதியானது. விளைவு தெரிந்த 806 பேரில் 216 பேர் இறந்தனர். பாதிக்கப்பட்டோரில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் பிறந்து 28 நாள் நிறையாத சிசுக்கள், அதாவது பெரும்பாலும் தாயின் உணவு வழியே நோயுற்றவர்கள். நோய் வெளிப்பட 70 நாள் வரை ஆகலாம் என்பதால் மூலத்தைக் கண்டறிவது எளிதாக இருக்கவில்லை. சொவெட்டோவில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகள் நோயுற்றபோதுதான் அவர்கள் உண்ட போலனி ஆய்வுக்கு வந்தது. அந்தத் தடம் பொலொக்வானே நகரில் போலனி செய்த ஆலைவரை சென்றது.

ஆகவே அன்றாடச் சமையலுக்கு உறைந்த துண்டுகளையே முதலில் வைப்பேன். மலிவு கருதிப் போலனி வாங்கும் வீடுகளில், கர்ப்பிணிகளும் முதியவர்களும் அதை ஆவி பறக்கச் சூடாக்கியே உண்ண வேண்டும்; மின்தடையில் நெடுநேரம் குளிர் இழந்த பொட்டலத்தை எவரும் உண்ணலாகாது.