ஆறாம் வகுப்புக்கு எங்கே? டவுன் எய்டட் பள்ளியும் எங்கள் ஏரியா அரசுப் பள்ளியும்

எங்கள் பாப்பாவை ஆறாம் வகுப்பில் சேர்க்க இரண்டு பள்ளிகளைப் போய்ப் பார்த்தேன். முதலில் எய்டட் பள்ளி. இடம் அருமை. பெரிய மைதானம், பழைய மரங்கள், வேலூரில் பாதிப் பேருடைய அப்பாவும் சித்தப்பாவும் படித்த பள்ளி என்ற பேர். என் மாமியாருக்கு அந்தப் பேர் ஒன்றே போதும். எனக்குப் போதவில்லை, அதனால் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

வாசல் போர்டில் 'அரசு உதவி பெறும்' என்று இருக்கிறது. டீச்சர் சம்பளம் அரசு தருகிறது, நடத்துவது தனி நிர்வாகம். ஆனால் அது தமிழ் மீடியத்துக்கு மட்டும்தான், இங்கிலீஷ் மீடியம் சுயநிதிப் பிரிவு. அதே கேட், அதே மைதானம், ஆனால் ஃபீஸ் உண்டு, இலவசப் புத்தகம், சத்துணவு எதுவும் கிடையாது. நாமாகக் கேட்காவிட்டால் இதை யாரும் சொல்வதில்லை. கட்டட நிதி என்று ஒரு தொகை சொன்னார்கள், ரசீது உண்டா என்று கேட்டதும் பேச்சு மாறிவிட்டது. அமெரிக்காவிலும் சார்ட்டர் பள்ளி என்று கிட்டத்தட்ட இதே ஏற்பாடு இருக்கிறது, 1991இல் மினசோட்டாவில்தான் முதலில் சட்டம் போட்டார்கள். அரசுப் பணம், தனி நிர்வாகம், ஆனால் ஃபீஸ் வாங்கக் கூடாது, இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் பொதுவாகக் குலுக்கல்தான். இங்கே குலுக்கல் எல்லாம் இல்லை, "உங்களுக்கு இங்க யாரைத் தெரியும்?" என்பதுதான் முதல் கேள்வி.

அப்புறம் பலர் கவனிக்காத விஷயம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, அடுத்த வருடம் இன்ஜினியரிங், வேளாண்மைக்கும் வந்தது. அதற்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் (தனியார் பள்ளியில் ஆர்.டி.இ. எனும் கல்வி உரிமைச் சட்ட இலவச சீட்டில் எட்டு வரை படித்து ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு). எய்டட் கணக்கில் வராது. சி.எம்.சி. ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தே வளரும் ஊரில் டாக்டர் கனவு இல்லாத வீடு எது, ஆனால் ஆறாம் வகுப்பு அட்மிஷன் அன்றைக்கு இதை யோசிக்கிறவர்கள் கம்மி. கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2024இல் எய்டட் பள்ளிக்கும் வந்தது, அதுவும் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு. ஆக ஃபீஸ் கட்டிச் சுயநிதியில் படிக்கிற பெண்ணுக்கு இரண்டும் இல்லை.

அரசுப் பள்ளியைத் தூக்கிப் பேச வரவில்லை. ஆறாம் வகுப்பு இங்கிலீஷ் மீடியத்தில் கூட்டம் நெரிகிறது. பாத்ரூமில் தண்ணீர் வருகிறது, ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கணக்கு டீச்சர் இடம் காலி, எஸ்.எம்.சி. எனும் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக ஒருவரை வைத்து ஓட்டுகிறார்கள். ஹெச்.எம். இதையெல்லாம் மறைக்காமல் அவராகவே சொன்னார், எனக்கு அந்த ஒரு விஷயம் ரொம்பப் பிடித்தது. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும், ஆறிலிருந்து மதியச் சத்துணவு மட்டும்தான், அதனால் பிள்ளையை வீட்டில் சாப்பிட வைத்தே அனுப்புங்கள்.

தூரத்தையும் பாருங்கள். விருதம்பட்டு பக்கத்திலிருந்து டவுனுக்கு என்றால் காட்பாடி - பாகாயம் ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் பஸ்தான். காலையில் அதில் பெரியவர்களே தொங்கிக்கொண்டு போகிறார்கள், கிரீன் சர்க்கிளில் மாட்டினால் பிரேயர் முடிந்துவிடும். இலவச பாஸ் இருந்து என்ன பிரயோஜனம்? அரசுப் பள்ளிக்குப் பாப்பா நடந்தே போய்விடுவாள்.

பிள்ளை ஏற்கெனவே எட்டு, ஒன்பது என்று எய்டட் தமிழ் மீடியத்தில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தால் மாற்ற வேண்டாம், 7.5 எப்படியும் கிடைக்காது. விளையாட்டில் ஆர்வம் உள்ள பிள்ளைக்கும் அந்த மைதானத்துக்காகவே எய்டட் சரி. நாங்கள் அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டோம், மாமியார் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எய்டட்டுக்கு ஐந்துக்கு மூன்று, அரசுப் பள்ளிக்கு மூன்றரை. நிரந்தரக் கணக்கு டீச்சர் வந்தால் நாலாக்குகிறேன்.