பழைய வால்வு ஆம்பின் வயது: சீரியல் நம்பரா, ஒட்டுத்தாளா, உள்ளே இருக்கும் எண்ணா?

சேலத்தில் கண்ணாடி வால்வில் ஓடும் பழைய ஃபெண்டர் கிட்டார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) கைமாறும்போது விற்பவர் வாயிலிருந்து பெரும்பாலும் வருவது "அறுபத்துநாலு மாடல் சார்" என்பதுதான். காரணம் உண்டு. 1965 ஜனவரியில் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனம் ஃபெண்டரை வாங்கியது. அதற்கு முந்தைய ஆம்ப் என்றால் விலை தனி. ஆகவே "அறுபதுகளின் நடுவில்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் போதாது. சில மாதங்கள் முன்பின்னாகவாவது தெரிய வேண்டும். அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. நான் நம்புவது மூன்றாவதை.

சீரியல் நம்பர் எளிது. சேஸியின் (பாகங்கள் ஏற்றியிருக்கும் உலோகத் தட்டு) பின்புறம் அடித்திருக்கும், ஸ்க்ரூ ட்ரைவர்கூட வேண்டாம். ஆனால் ஃபெண்டரில் அது ஓராண்டு, ஈராண்டு கணக்கில்தான் பேசும். நம்பர் அடித்த சேஸிகள் அடுக்கி வைக்கப்பட்டு, கைக்கு வந்த வரிசையில் எடுக்கப்பட்டன. பிரிட்டிஷ் ஆம்பான மார்ஷலில் கதை வேறு. 1969 நடுவிலிருந்து 1983 வரை சீரியலிலேயே ஆண்டுக்கு ஓர் எழுத்து உண்டு: 1969-70க்கு ஏ, 1971க்கு சி, 1973க்கு ஈ, 1976க்கு எச், 1980க்கு எம். பி, ஐ, ஓ, கியூ எழுத்துகளை விட்டுவிட்டார்கள். அந்தக் கால மார்ஷல் என்றால் சீரியலே போதும், உள்ளே கை வைக்கவே வேண்டாம்.

இரண்டாவது, ஃபெண்டர் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் வால்வு அட்டவணைத் தாள். 1950களின் தொடக்கத்திலிருந்து 1967 வரை அதில் ரப்பர் ஸ்டாம்பில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதல் எழுத்து ஆண்டு: ஏ என்றால் 1951, என் என்றால் 1964, கியூ என்றால் 1967. இரண்டாவது மாதம்: ஏ ஜனவரி, எல் டிசம்பர். "என் எச்" என்றால் 1964 ஆகஸ்ட். எழுத்து தெளிவாக இருந்தால் இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஆனால் அது வெறும் காகிதம். ஏற்காட்டு எஸ்டேட் பங்களாவில் மழைக்காலப் பனியும் ஈரமும் தின்ற பெட்டியில் அந்த மை மங்கியிருக்கும், இல்லை ராமபாணப் பூச்சி மேய்ந்திருக்கும். தாள் பெட்டியோடு ஒட்டியது என்பதையும் மறக்கக் கூடாது. வேறு பெட்டியில் ஏற்றிய சேஸியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

மூன்றாவது, பாகங்களின் மேலேயே இருக்கும் தயாரிப்பாளர்-தேதி எண். அமெரிக்கப் பாகங்களில் முதல் மூன்று இலக்கம் செய்தவர், பிறகு ஆண்டு ஓரிலக்கமோ ஈரிலக்கமோ, கடைசி இரண்டு வாரம். 606 ஷூமாக்கர் ட்ரான்ஸ்ஃபார்மர், 137 சிடிஎஸ் பாட் (திருகும் குமிழுக்குப் பின்னால் இருக்கும் பொட்டன்ஷியோமீட்டர்), 304 ஸ்டாக்போல் பாட், 220 ஜென்சன் ஸ்பீக்கர், 465 ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்பீக்கர். 606-4-27 என்றால் 1964ஆம் ஆண்டின் 27ஆவது வாரம், அதாவது ஜூலைத் தொடக்கம். ஓரிலக்க ஆண்டில் 1954ஆ, 1964ஆ, 1974ஆ என்ற குழப்பம் வரும். குமிழ்கள் இருக்கும் முகப்பின் நிறமே அதைத் தீர்த்துவிடும். கறுப்பு முகப்பு 1963 நடுவிலிருந்து 1967 வரை, வெள்ளி முகப்பு அதற்குப் பிறகு. கடைசி இரண்டு இலக்கம் 53ஐத் தாண்டினால் நீங்கள் வேறு எதையோ படிக்கிறீர்கள். 022 என்று தொடங்கும் ஆறு இலக்கம் ஃபெண்டரின் பாக எண், தேதி அல்ல. பலர் சறுக்குவது இங்கேதான்.

எண்ணைப் படிப்பது சுலபம். அந்தப் பாகம் ஆம்ப் பிறந்தபோதே அதில் இருந்ததா என்பதுதான் தலைவலி, அதுவும் நம் ஊரில். அமெரிக்க ஆம்ப் 117 அல்லது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்தது. இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப்-டவுன் போட்டு ஓட்டினாலும், 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் கணக்கிட்ட கோர் 50இல் அதிகமாகச் சூடாகும். ஒருநாள் பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் புகையும், ரீவைண்டிங் கடைக்குப் போகும். கடைக்காரர் உள்ளே காயிலைப் புதிதாகச் சுற்றி, பழைய மூடியையே திரும்ப மாட்டித் தருவார். மூடியில் 606 எண் அப்படியே இருக்கும், உள்ளே செம்புக் கம்பி போன வருடத்தது. மூடியின் தேதி பொய்யில்லை. ஆனால் அந்த மூடி இந்த ஆம்புடையதுதானா, கடையில் கிடந்த வேறொன்றா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அதனால் பவர் ட்ரான்ஸ்ஃபார்மரைக் கடைசியில் வையுங்கள். முதலில் சோக் (மின்சாரத்தைச் சீராக்கும் சிறு காயில்), அடுத்து ஸ்பீக்கருக்குப் போகும் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர். இவை இரண்டும் அரிதாகவே எரியும், எரிந்தாலொழிய யாரும் தொடுவதில்லை. அப்புறம் பாட்கள். ஸ்பீக்கரில் கோன் மாற்றினாலும் சட்டத்து எண் போகாது, ஆனால் ஸ்பீக்கரையே மாற்றியிருக்கலாம். ஒவ்வொன்றின் கம்பியும் சேரும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய ஈயம் மங்கலாக, தூசு படிந்து, துணி உறையிட்ட கம்பியோடு இருக்கும். பளபளக்கும் ஈயம், சுற்றிலும் பழுப்பு ஃப்ளக்ஸ், பிளாஸ்டிக் உறைக் கம்பி என்றால் அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள்; அந்தப் பாகத்தின் எண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சேஸியைக் கழற்றும் முன் ஒன்று. பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் ஃபில்டர் கண்டென்சரில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். 100 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை நன்கு இன்சுலேட் செய்த க்ளிப்பில் மாட்டி, ஒவ்வொரு கண்டென்சரின் பிளஸ் முனைக்கும் சேஸிக்கும் இடையில் ஒரு நிமிடம் பிடியுங்கள். மல்டிமீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகே விரல் உள்ளே போகட்டும். மங்கிய மையைத் தின்னர் போட்டுத் துடைக்க வேண்டாம். எண்ணும் சேர்ந்து போய்விடும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் தெரியும்.

சந்தேகமில்லாத பாகங்களில் மிகப் பிந்திய தேதி எதுவோ, ஆம்ப் அதற்கு முன் பிறந்திருக்க முடியாது. பாட் 137-6422, அவுட்புட் 606-4-27, தாளில் "என் எச்" என்று மூன்றும் ஒத்துப்போனால் 1964 ஆகஸ்ட் என்று தைரியமாகச் சொல்லலாம். தாள் இல்லாவிட்டால் கடைசித் தேதியிலிருந்து ஆறு மாதம் வரை இடம் விடுங்கள். அதைவிடத் துல்லியம் இந்த வழியில் கிடைக்காது. பாட் மட்டும் 1966 என்று காட்டினால் கொஞ்சம் நிதானம். ஃபெண்டர் அந்த ஆண்டு வாங்கிக் குவித்த சிடிஎஸ் பாட்கள் பல ஆண்டுகளுக்கு ஓடின.

வால்வைக் காட்டி வயது சொல்பவரிடம் பேரமே வேண்டாம். பெங்களூரு பெல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) தொழிற்சாலை வால்வு அமெரிக்க ஆம்பில் இருந்தால், அது இங்கே மாற்றப்பட்டது என்பது மட்டும்தான் தெரியும்.