கவுண்டி சிறையில் நம் பிள்ளை இருக்கிறானா என்று தேடும்போது கார்டு எண்ணைக் கொடுக்காதீர்கள்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கும் பெற்றோரும், என்னைப் போல இங்கே அமெரிக்காவிலேயே அவர்களுக்கு மாமா, சித்தி என்று இருப்பவர்களும் இதைப் படித்துவிடுங்கள். போன அக்டோபரில், ஒரு சனிக்கிழமை இரவு நடந்தது. 75 டாலர் போனது. அதைவிட, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் வீணாய்ப் போனது. அந்த இரண்டு மணி நேரமும் என் அக்கா கரூரில் ஃபோனைக் கையில் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

அக்கா மகன் டெக்சாஸில் எம்.எஸ். படிக்கிறான். நண்பனோடு பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குக் காரில் கிளம்பினான். இரவு பத்தரைக்கு அந்த நண்பன் ஒரு பெட்ரோல் பங்கிலிருந்து எனக்கு ஃபோன் செய்தான். "அங்கிள், போலீஸ் வண்டிய நிறுத்தினாங்க. ஏதோ பழைய வாரண்ட்னு சொல்லி அவனைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. எனக்கு லைசென்ஸ் இல்ல, காரையும் இழுத்துட்டுப் போயிட்டாங்க." எங்கே கொண்டுபோனார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. சாலைப் பலகையில் பார்த்த கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பெயர் மட்டும் நினைவிருந்தது.

மேற்கு டெக்சாஸ் எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்தால்தான் அடுத்து நடந்தது புரியும். டெக்சாஸில் 254 கவுண்டிகள். டாலஸ், ஹூஸ்டன் பக்கம் ஒரு கவுண்டியில் பல லட்சம் பேர் இருக்கிறார்கள். மேற்கே போகப் போக ஊரே இருக்காது. லவிங் என்ற கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி மொத்தமே 64 பேர். ஆனாலும் ஒவ்வொரு கவுண்டிக்கும் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு ஷெரிஃப், அதாவது கவுண்டியின் போலீஸ் தலைவர், உண்டு. கவுண்டி சிறையை நடத்துவது பொதுவாக அவர்தான். இதை அன்றிரவே தெரிந்துவைத்திருந்தால் நேராக அவர் அலுவலகத்துக்கு ஃபோன் செய்திருப்பேன்.

நான் கூகுளில் கவுண்டியின் பெயரோடு 'சிறை, கைதுப் பதிவுகள்' என்று போட்டுத் தேடினேன். மேலே வந்தவை எல்லாம் விளம்பரங்கள். ஒன்றில் கழுகுச் சின்னம், கொடி, அந்தக் கவுண்டியின் பெயர் எல்லாம் இருந்தன. அரசாங்கத் தளம் என்றே நம்பினேன். பையனின் பெயரைப் போட்டதும் ஒரு பட்டை மெதுவாக நகர ஆரம்பித்தது. கைதுப் பதிவுகளைத் தேடுகிறோம், நீதிமன்றப் பதிவுகளைத் தேடுகிறோம் என்று ஒவ்வொன்றாக வந்தது. 'இந்த அறிக்கையில் அதிர்ச்சி தரும் தகவல் இருக்கலாம், தொடரச் சம்மதமா?' என்று கேட்டது. இப்படியே பதினைந்து நிமிடம். கடைசியில் 'மூன்று பதிவுகள் கிடைத்துள்ளன' என்று சிவப்பு எழுத்தில் காட்டியது. மூன்றா! என் கை நடுங்கியது. மின்னஞ்சல், ஃபோன் எண் கேட்டார்கள், கொடுத்தேன். ஒரு டாலர் கட்டினால் அறிக்கை என்றார்கள், கட்டினேன். அறிக்கையைப் பதிவிறக்க இன்னொரு நான்கு டாலர். அதையும் கட்டினேன்.

திறந்து பார்த்தால், அது வேறொரு மாநிலத்தில் இருக்கும் ஐம்பது வயதுக்காரர் ஒருவரைப் பற்றியது. பெயரில் பாதி மட்டும் ஒத்துப்போனது. 'குற்றப் பதிவு' என்று அவர்கள் சொன்ன மூன்றும் போக்குவரத்து விதிமீறலுக்கான அபராதச் சீட்டுகள். அடியில் பொடி எழுத்தில், தகவல் பழையதாக இருக்கலாம் என்று ஒரு வரி.

பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன், இது பழைய வித்தை. சாதாரணப் போக்குவரத்துச் சீட்டைக் கைதுப் பதிவு என்று பயம் காட்டி ஆள் பிடித்ததாகச் சொல்லி, மத்திய வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி. 2023 செப்டம்பரில் இப்படிப்பட்ட இரண்டு தளங்கள் மீது நடவடிக்கை எடுத்தது. அவர்கள் 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள். நான் மாட்டியது அந்த இரண்டில் ஒன்றல்ல. ஆனால் முறை அதேதான்.

அடிப்படையில் யோசித்துப் பாருங்கள். இந்தத் தளங்கள் நீதிமன்றப் பதிவுகளை மொத்தமாக வாங்கிச் சேர்த்து வைத்து விற்பவை. ஒரு சின்னக் கவுண்டியில் இரண்டு மணி நேரத்துக்கு முன் கைதானவனின் பெயர் அவர்களிடம் எப்படி இருக்கும்? அது அந்தச் சிறையில், கைதானவர்களைப் பதியும் புக்கிங் மேசையில் மட்டும்தான் இருக்கும். அங்கே கேட்டால் பைசா செலவில்லாமல் சொல்வார்கள்.

நள்ளிரவு தாண்டி, விளம்பரங்களுக்கெல்லாம் கீழே இருந்த உண்மையான ஷெரிஃப் அலுவலகப் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். கைதிகள் பட்டியல் எதுவும் அதில் இல்லை. சின்னக் கவுண்டிகளில் பலவற்றில் இருக்காது. அவசரமில்லாத அழைப்புகளுக்கென்று ஓர் எண் மட்டும் இருந்தது. அதை அழைத்தேன். (அவசர உதவி எண்ணான 911 இதற்கானதல்ல, அதை அழைக்காதீர்கள்.) எடுத்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இங்கே சிறை கிடையாது, நாங்கள் பிடிப்பவர்களைப் பக்கத்துக் கவுண்டியில்தான் வைப்போம்" என்று சொல்லி அந்தச் சிறையின் எண்ணைக் கொடுத்தார். கைதான கவுண்டி ஒன்று, அடைபட்டிருக்கும் கவுண்டி வேறொன்று. கிராமப்புறத்தில் இது சகஜம்.

பக்கத்துச் சிறையிலும் முதலில் "அப்படி யாரும் இல்லை" என்றார்கள். காரணம் நம் பெயர்கள். அவன் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் அவன் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும், முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று வரும், அதாவது முதல் பெயர் தெரியாது என்று. ஓட்டுநர் உரிமத்திலும் அப்படியே. நானோ அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறந்த தேதியை, மாதத்தை முன்னால் வைத்து, சொன்ன பிறகுதான் கிடைத்தான். இணையத்தில் பட்டியல் இருந்தாலும் இதே சிக்கல் வரும். பெயரை முன்பின்னாக மாற்றிப் போட்டும், முதல் மூன்று எழுத்தை மட்டும் போட்டும் தேடுங்கள். பிள்ளையின் பாஸ்போர்ட், உரிமம் இரண்டின் படமும் உங்கள் ஃபோனில் இப்போதே இருக்கட்டும்.

சிறையில் இருந்தவரிடம் என்ன குற்றச்சாட்டு, எந்த நீதிமன்றம், ஜாமீன் எவ்வளவு என்று கேட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு கவுண்டியில் வேகமாக ஓட்டியதற்கு வாங்கிய அபராதச் சீட்டு. வீடு மாறியதால் நோட்டீஸ் கைக்கு வரவில்லை, நீதிமன்றத்துக்குப் போகவில்லை, அதனால் வாரண்ட். டெக்சாஸில் இது சி வகைச் சிறு குற்றம், சின்ன வழக்குகளைப் பார்க்கும் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் நீதிமன்றத்தில் முடியும் விஷயம். அக்காவிடம் சொன்னதும், "சாப்பிட்டானாடா தம்பி?" என்றாள். அதையும் கேட்டேன். சாப்பிட்டிருந்தான்.

அப்புறம் இன்னொன்று. ஞாயிறு காலை ஒருவன் ஃபோன் செய்து, ஜாமீன் பிரிவு அதிகாரி என்றான். பையன் பெயர், எந்தச் சிறை எல்லாம் சரியாகச் சொன்னான். கிஃப்ட் கார்டு வாங்கி அதன் எண்ணைச் சொன்னால் உடனே விடுவிப்போம் என்றான். கைதிகள் பட்டியல் பொதுப் பதிவு, யாரும் பார்க்கலாம், இப்படிப்பட்டவர்களும் பார்க்கிறார்கள். என் எண்ணை எங்கே எடுத்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. முந்தைய இரவு அந்தத் தளத்தில் நானே அதைக் கொடுத்திருந்தேன். ஃபோனை வைத்துவிட்டுச் சிறையின் எண்ணை நானே அழைத்துக் கேட்டேன். "நாங்கள் யாரையும் அப்படி அழைப்பதில்லை" என்றார்கள். நேரில் போய் ஜாமீன் தொகையைக் கட்டி, ரசீது வாங்கி, மதியம் அவனைக் கூட்டி வந்தேன்.

அந்த ஒரு டாலர் ஏழு நாள் சோதனைக்கு மட்டும் என்பதை நான் கவனிக்கவில்லை. எட்டாம் நாள் 35 டாலர், அடுத்த மாதம் இன்னொரு 35. நிறுத்துவதற்குத் தளத்தில் பொத்தான் இல்லை, ஃபோன்தான், அதிலும் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். உங்களுக்கு இப்படி ஆகியிருந்தால் கார்டு நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். கிரெடிட் கார்டு என்றால், அந்தக் கட்டணம் வந்த முதல் ஸ்டேட்மெண்ட் அனுப்பிய நாளிலிருந்து 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது மத்திய சட்டம். எனக்கு ஒரு மாதப் பணம் திரும்பக் கிடைத்தது. மற்றது கிடைக்கவில்லை.

கைதுப் படத்தைப் போட்டுவிட்டு, நீக்கக் காசு கேட்கும் தளங்களும் இருக்கின்றன. அவற்றுக்கும் கொடுக்காதீர்கள். ஜார்ஜியா 2013-லும் கலிபோர்னியா 2014-லும் இதற்கெதிராகச் சட்டம் கொண்டுவந்தன. ஒரு தளத்துக்குக் கட்டினால் அந்தப் படம் இன்னொரு தளத்தில் வராது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

காசு கட்ட வேண்டிய இடம் ஒன்று உண்டு. வழக்கு முடிந்ததும் நீதிமன்ற எழுத்தரிடம் தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகல் வாங்குங்கள், சில டாலர்தான் ஆகும். டெக்சாஸில் ஏ, பி வகைச் சிறு குற்றங்கள் பொதுவாகக் கவுண்டி எழுத்தரிடமும் பெருங்குற்றங்கள் மாவட்ட எழுத்தரிடமும் இருக்கும். 8,000 பேருக்குக் குறைவான கவுண்டிகளில் பொதுவாக இரண்டையும் ஒருவரே பார்ப்பார். விசா விண்ணப்பமான டி.எஸ்.-160-இல் எப்போதாவது கைதானதுண்டா என்று கேட்கிறார்கள். வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தாலும் கைது கைதுதான். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலும், முடிந்தால் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடமும் உடனே பேசிவிடுங்கள். எங்கள் பையன் அபராதம் கட்டி வழக்கை முடித்துவிட்டான். நகல் டிசம்பரில் தபாலில் வந்தது, அவன் பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே வைத்திருக்கிறான்.