மாவுக் கையோடு மணி பார்க்க ஒரு வாட்ச்

காரைக்குடியில் பலகாரம் செய்து விற்கிற குடும்பம் எங்களுடையது. தேன்குழல், சீப்புச் சீடை, மணகோலம், அதிரசம், கல்யாணச் சீருக்குக் கொடுக்கிற வகைகள் என்று வருடம் முழுக்க அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். அதனால் இந்த விமர்சனத்தில் ரத்த ஆக்ஸிஜன், நூறு விளையாட்டு மோடு, போனில் போட்டோ எடுக்க ரிமோட் இதெல்லாம் வராது. நான் பார்த்தது ஒன்றைத்தான். கையில் மாவும் எண்ணெயும் இருக்கும்போது வாட்சைத் தொடாமலே மணி தெரிகிறதா, டைமரில் இன்னும் எத்தனை நிமிஷம் பாக்கி என்று தெரிகிறதா, அப்படித் தெரிய வைத்தால் சார்ஜ் எத்தனை நாள் நிற்கிறது. எங்களை மாதிரி கை ஓயாத வேலை பார்க்கிறவர்களுக்கு வாட்சில் இதைவிட முக்கியமான விஷயம் கிடையாது, ஆனால் யூடியூப் விமர்சனங்களில் இதற்குப் பத்து வினாடிகூட ஒதுக்குவதில்லை.

என்னிடம் இருப்பது ஏழெட்டாயிரம் ரூபாய் ரகம், வட்ட முகம், அமோலெட் திரை. பிராண்ட் பேரை எழுதவில்லை, ஏனென்றால் இந்த விலையில் எந்த அமோலெட் வாட்சை எடுத்தாலும் திரையை எழுப்புவதற்கு இதே மூன்று வழிகள்தான் வைத்திருப்பார்கள்: விரலால் தட்டுவது அல்லது பட்டனை அமுக்குவது, கையைத் தூக்கித் திருப்புவது, இல்லையென்றால் திரையை அணைக்காமலே மங்கலாக வைத்திருக்கிற ஆல்வேஸ் ஆன்.

தட்டுவது எங்களுக்கு ஆகாது. அந்தத் திரை விரலின் மின்தன்மையைத் தொட்டு உணர்கிற ரகம், எண்ணெய் படிந்த விரலையும் காய்ந்த மாவு ஒட்டிய விரலையும் பாதி நேரம் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. ஈரக்கை என்றால் அதற்கு நேர் எதிர், ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலே யாரோ தொட்டதாக நினைத்து டைமரை நிறுத்திவிடும். பக்கத்துப் பட்டன் கொஞ்சம் தேவலை, ஆனால் பட்டனைச் சுற்றியிருக்கிற இடுக்கில் மாவு போய் உட்கார்ந்தால் ஊசி வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தது கையைத் தூக்கினால் எரிவது. வாங்கும்போதே இது ஆன் ஆகித்தான் இருக்கும், எல்லோரும் அப்படியே விட்டுவிடுவார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு இது ரொம்பச் சரியான ஏற்பாடு என்றுதான் நானும் சொல்வேன். எங்கள் வேலைக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்க சீப்புச் சீடையை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சில் பிழிந்த வரிப்பட்டையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் விரலில் சுற்றி, இரண்டு முனையையும் சேர்த்து அமுக்கி, கழற்றித் தட்டில் போட வேண்டும். ஒவ்வொரு சீடைக்கும் மணிக்கட்டு ஒரு தடவை முகத்தைப் பார்த்துத் திரும்பும். முழங்கை மடங்கியிருக்கிறது, வாட்சின் முகம் மேலே வருகிறது, சரி இவர் மணி பார்க்கிறார் என்று வாட்ச் முடிவு பண்ணிக்கொண்டு முழு வெளிச்சத்தில் எரியும். கை இறங்கும், அணையும், அடுத்த சீடைக்கு மறுபடி எரியும். எங்களோடு வேலை செய்கிற ஆச்சி ஒருநாள் இதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏன் தம்பி, அது என்ன சும்மா சும்மா முழிச்சு முழிச்சுப் பார்க்குது, கழட்டி வச்சிட்டு வேலையைப் பாரேன்" என்றார். ஆச்சி சொன்னதில் விஷயம் இருக்கிறது. யாருமே பார்க்காத வெளிச்சத்துக்குத்தான் அன்றைக்குச் சார்ஜில் பெரும்பகுதி போயிருக்கும்.

பெட்டியில் இரண்டு வாரம் நிற்கும் என்று போட்டிருந்தார்கள். சீர்ப் பலகார ஆர்டர் ஓடுகிற சமயத்தில் ஒரு வாரம் தாண்டுவதே பெரும்பாடாக இருந்தது. பெட்டியில் போடுகிற கணக்கு பொய் என்று சொல்ல மாட்டேன், அது ஆல்வேஸ் ஆன் இல்லாமல், ஒரு நாளைக்கு இத்தனை தடவைதான் திரை எரியும் என்று வைத்துப் போட்ட கணக்கு, பொடி எழுத்தில் அதையும் எழுதியிருப்பார்கள். சீடை சுற்றுகிற கை அந்தக் கணக்கில் கிடையாது.

இந்த இடத்தில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தன்னால் விளங்கிவிடும். கை அசைவை உணர்கிற ஆக்ஸிலரோமீட்டர் என்ற சின்னச் சில்லு எப்படியும் நாள் முழுக்க ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, நடையை எண்ணுவதும் அதுதான். அது தின்பது மிகக் கொஞ்சம். ஆகவே கையைத் தூக்கியதைக் கண்டுபிடிப்பதில் சார்ஜ் போவதில்லை, கண்டுபிடித்த பிறகு திரையை எரிப்பதில்தான் போகிறது. எத்தனை தடவை எரிகிறது, எத்தனை வினாடி எரிகிறது, எவ்வளவு பிரகாசமாக எரிகிறது, இந்த மூன்றையும் பெருக்கினால் வருவதுதான் செலவு. போனில் 5000 மில்லி ஆம்பியர் அவர் பேட்டரி இருக்கிறது, இந்தச் செலவெல்லாம் அதில் கண்ணில் படாது. வாட்சில் இருப்பதோ 300, 400 அளவுதான், அதில் ஒவ்வொரு வினாடியும் கணக்கில் ஏறும்.

அமோலெட் திரையில் பின்னாலிருந்து அடிக்கிற விளக்கு கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது. கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்திருக்கிறது என்று அர்த்தம். ஆகவே கறுப்புப் பின்னணியில் மெல்லிய எண்கள் மட்டும் தெரிகிற ஆல்வேஸ் ஆன் முகம் நாம் பயப்படுகிற அளவுக்குத் தின்னாது. அடுப்பைச் சிம்மில் வைத்திருப்பதற்கும், நிமிஷத்துக்கு ஒருமுறை முழுசாகத் திருகித் திருகி அணைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. அதற்காக ஆல்வேஸ் ஆன் சும்மா வந்துவிடுவதில்லை, பல வாட்சுகளில் அதைப் போட்டால் சார்ஜ் நிற்கிற நாள் பாதிக்குப் பக்கமாக இறங்கிவிடும். நான் சொல்வது இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள் என்று. ஆல்வேஸ் ஆன் போட்டவர்கள் கை தூக்கினால் எரிவதை நிறுத்துவதில்லை, இரண்டு செலவும் சேர்ந்து விழுகிறது, அப்புறம் பழி முழுக்க ஆல்வேஸ் ஆன் மேல் போகிறது.

நான் வைத்திருக்கிற ஏற்பாடு இதுதான். வேலை நேரத்துக்கு மட்டும் ஆல்வேஸ் ஆன், அதற்கென்று மணிக்கணக்கு குறித்து வைக்க செட்டிங்கில் இடம் இருக்கிறது. அந்த நேரத்தில் கை தூக்கினால் எரிவது ஆஃப். தப்பித் தவறி எரிந்தாலும் ஐந்து வினாடியில் அணைய வேண்டும். சாயங்காலம் குளித்துவிட்டுச் சட்டை மாற்றிய பிறகு இதைத் திருப்பிப் போட்டுவிடுவேன், வெளியே போகும்போது கை தூக்கினால் எரிந்தால் போதும். ராத்திரி இரண்டுமே கிடையாது, தூக்கத்தில் புரண்டு படுத்தால் கண்ணில் வெளிச்சம் அடிப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. இப்படி வைத்த பிறகு, ஆர்டர் நெருக்குகிற வாரத்திலும் முன்பு நின்ற அளவுக்குச் சார்ஜ் நிற்கிறது, வேலை நேரம் முழுக்க மணியும் கண்ணில் படுகிறது. எண்ணெய்ச் சட்டி முன்னால் ஒரு கையில் கண்கரண்டியோடு நிற்கும்போது கண்ணை மட்டும் இறக்கினால் டைமர் தெரிகிறதே, அந்தச் சுகத்துக்கு இரண்டு நாள் சார்ஜ் கூடப் போனாலும் கொடுக்கலாம். டைமரை ஆல்வேஸ் ஆன் முகத்திலேயே காட்டுகிறதா என்று மட்டும் வாங்கும் முன் பாருங்கள், சில வாட்சில் மணி மட்டும் தெரியும், டைமர் ஒளிந்துகொள்ளும். அப்படி ஒரு வாட்ச் சமையல்கட்டுக்கு உதவவே உதவாது.

பைக்கிலும் இதே கதைதான். தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் ஆர்டர் கொடுக்கப் போகும்போது ஹேண்டிலைப் பிடித்த கையைப் பெரிதாகத் தூக்க முடியாது, லேசாகத் திருப்பினால் வாட்ச் கண்டுகொள்ளாது, கண்டுகொள்ள வைக்கக் கையை உதறுவது ஆபத்து. திரை ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால் ஒரு பார்வை போதும்.

வெயில்தான் இதற்கு எதிரி. எங்கள் வீட்டு வளவில் நடுப்பகலில் வற்றல் காயப்போடும்போது ஆல்வேஸ் ஆனின் மங்கல் எண்கள் கொஞ்சமும் தெரியாது. அங்கே திரையை முழு வெளிச்சத்தில் எரித்தே ஆக வேண்டும். சுற்றுவட்ட வெளிச்சத்தைப் பார்த்துத் தானே கூட்டிக் குறைக்கிற சென்சார் இருந்தால் பிழைத்தீர்கள், விலை குறைந்த பல வாட்சில் அதை வைப்பதில்லை, நாமே கூட்ட வேண்டும், அப்புறம் குறைக்க மறந்துவிடுவோம், உள்கட்டு இருட்டில் அது டார்ச் மாதிரி எரியும். நாள் முழுக்க வெயிலில் நிற்கிற வேலை என்றால் அமோலெட்டையே விட்டுவிட்டு, கார்மின் சில மாடல்களில் வைக்கிற ரகத் திரையைப் பாருங்கள். விழுகிற வெயிலையே திருப்பி அனுப்பிக் காட்டுகிற திரை அது, வெயில் ஏற ஏற இன்னும் நன்றாகத் தெரியும், எப்போதும் தெரியும், அதற்கென்று பெரிதாகச் சார்ஜும் தின்னாது. நிறம் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும், இருட்டில் விளக்கைப் போட வேண்டும். 1989-இல் வந்த கேசியோ எஃப்-91டபிள்யூ இன்றைக்கும் ஒரே பட்டன் செல்லில் ஏழு வருஷம் ஓடுவது இந்த வழியில்தான், எண்கள் எப்போதும் தெரியும், வெளிச்சம் வேண்டுமென்றால் மட்டும் பட்டனை அமுக்க வேண்டும். மணி மட்டும் போதும் என்கிறவருக்கு நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

இன்னொரு பக்கம், காசு இருந்தால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடுமா என்று கேட்கிறவர்களுக்கு: பாதி தீரும். ஆப்பிள் 2019-இல் சீரிஸ் 5-இல்தான் முதலில் ஆல்வேஸ் ஆன் கொடுத்தது. கை இறங்கியதும் திரை வினாடிக்கு 60 தடவை புதுப்பிப்பதை விட்டுவிட்டு ஒரே ஒரு தடவை புதுப்பிக்கும், அதனால் முந்தைய மாடலுக்குச் சொன்ன அதே 18 மணி நேரத்தையே இதற்கும் சொல்ல முடிந்தது. பின்னால் லோ பவர் மோடு வந்தது, ஆல்வேஸ் ஆனையும் வேறு சிலதையும் அணைத்தால் 36 மணி நேரம் என்றார்கள். நான் பார்க்கிற வகையில் அது எங்கள் வேலைக்கான வாட்ச் இல்லை. ஆர்டர் நெருக்கத்தில் ராத்திரி, பகல் பாராமல் அடுப்படியில் நிற்கும்போது, தினம் சார்ஜரைத் தேடுகிற வாட்ச் பாரம்தான்.

முகப்புப் படம் விஷயத்தில் கடைக்காரர் காட்டுகிற வண்ணக் கோலத்தைப் பார்த்து மயங்காதீர்கள். வெள்ளைப் பின்னணி, குடும்பப் போட்டோ, ஆடுகிற பொம்மை, இதெல்லாம் எல்லாப் புள்ளியையும் எரிக்கும். கறுப்பில் பெரிய எண், அவ்வளவுதான்.

பேட்டரிப் பேச்சு எடுத்தால் காரைக்குடிக்காரனால் சிக்ரியைச் சொல்லாமல் இருக்க முடியாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். லித்தியம் அயன் பேட்டரியை இந்தியாவிலேயே செய்கிற தொழில்நுட்பத்தைக் கொடுக்க 2018-இல் ஒரு தனியார் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டதும் அவர்கள்தான். கையில் கட்டியிருக்கிற இந்தச் சின்ன டப்பாவுக்குள் இருப்பதும் அதே லித்தியம் அயன் ரகம்தான் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கும். அந்த ரகத்துக்கு ஆகாதது சூடு. பொதுவாக 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் போடக்கூடாது என்பார்கள், சித்திரை வெயிலில் ஜன்னலோரம், அல்லது அடுப்புக்குப் பக்கத்து மாடத்தில் சார்ஜ் போட்டால் அந்த அளவைத் தொட நேரமாகாது. நான் குளிக்கப் போகும்போது உள்கட்டில் குளிர்ந்த தரையில் வைத்துச் சார்ஜ் போடுவேன். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் பேட்டரி கெட்டுவிடும் என்கிற பயம் பழைய நிக்கல் பேட்டரிக் காலத்தது, லித்தியத்துக்கு அது பொருந்தாது. சொல்லப்போனால் சுத்தமாக இறக்கி முழுக்க ஏற்றுவதைவிட இதுதான் அதற்கு நல்லது.

கடைசியாக ஒரு மனக்குறை, வாட்ச் செய்கிற எல்லாக் கம்பெனிக்கும் சேர்த்து. போன் சார்ஜர் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிறது, வாட்சுக்கு மட்டும் ஆளுக்கொரு காந்தக் கேபிள், ஒன்றுடையது இன்னொன்றுக்கு ஒட்டாது, அதே கம்பெனியின் அடுத்த மாடலுக்கே சில சமயம் ஒட்டாது. என் கேபிள் ஒரு கல்யாண வீட்டில் தொலைந்தபோது செக்காலை ரோட்டில் ஏறி இறங்காத மொபைல் கடை இல்லை, ஆன்லைனில் போட்டு அது வருகிற வரைக்கும் வாட்ச் மேஜை டிராயரில் கிடந்தது. ஆல்வேஸ் ஆன் போடுகிறவர்களுக்குக் கேபிள் அடிக்கடி வேண்டும், ஆகவே வாங்கும்போதே இன்னொரு கேபிளும் சேர்த்து வாங்கிவிடுங்கள், அது தனியாகக் கிடைக்காத மாடல் என்றால் அந்த மாடலே வேண்டாம்.