‘அப்கெஓர்ட்னெட்டெ’: ஒரு ஜெர்மன் அரசியல் சொல்லைச் சட்டநூலின் வழியே கற்ற அனுபவம்

ஜெர்மன் மொழியில் நாடாளுமன்ற உறுப்பினரைக் குறிக்கும் ‘அப்கெஓர்ட்னெட்டெ’ என்னும் சொல்லின் பாலையும் வேற்றுமை வடிவங்களையும் கற்பதற்கு நான்கு துணைகளைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். சொல்லட்டைகள் கொண்ட ஒரு கைப்பேசிச் செயலி, டே-வே-டே-எஸ் என்ற இலவச இணைய அகராதி, ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம், கூட்டாட்சி நாடாளுமன்றமான புண்டெஸ்டாக்கின் அவைக்குறிப்புகள் ஆகியவையே அவை. நால்வகையில் சட்டநூல் செய்த உதவியை மற்ற எதுவும் செய்யவில்லை. மொழித்தேர்வுகளில் இடைநிலையைக் குறிக்கும் பி1 நிலையைத் தாண்டிச் செய்தித்தாள் படிக்கத் தொடங்கியிருப்பவர்களை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன்.

அரசியல் சொற்கள் பெரும்பாலானவற்றுக்குச் சொல்லட்டையே போதும். அரசைக் குறிக்கும் ‘ரெகீருங்’ பெண்பால். ‘உங்’ என்று முடியும் இத்தகைய பெயர்ச்சொற்கள் ஏறக்குறைய எல்லாமே ‘டீ’ என்ற பெண்பால் சுட்டுச்சொல்லை ஏற்கும். உறுப்பினர் பொறுப்பைக் குறிக்கும் ‘மண்டாட்’ ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத அலிப்பால், எனவே ‘டாஸ்’. அமைச்சரைக் குறிக்கும் ‘மினிஸ்டர்’ ஆறாம் வேற்றுமையில் ஒரு ‘ஸ்’ பெறும். ‘ப்ரெசிடெண்ட்’ எழுவாய் தவிர மற்ற ஒருமை வேற்றுமைகளில் ‘என்’ பெறும். இவற்றை அட்டையின் ஒரு வரியில் அடக்கிவிடலாம். ‘அப்கெஓர்ட்னெட்டெ’ அப்படி அடங்குவதில்லை. நான் பயன்படுத்திய செயலி இதற்கு முன்னால் ‘டேர்’ என்று மட்டும் போட்டு ஆண்பால் என நிறுத்திக்கொண்டது. அந்த அட்டையை எத்தனை முறை திருப்பினாலும், அடுத்த நாள் செய்தியில் ‘டீ அப்கெஓர்ட்னெட்டெ’ என்றும் ‘ஐன் அப்கெஓர்ட்னெட்டெர்’ என்றும் வருவதற்கு விளக்கம் கிடைக்காது.

விளக்கம் தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கிறது. ‘அப்ஓர்ட்னென்’ என்றால் ஒரு பணிக்கென அனுப்பிவைத்தல். அதன் இறந்தகால எச்சத்திலிருந்து பிறந்ததே இந்தப் பெயர். நாம் வினையாலணையும் பெயர் என்று சொல்லும் வகையோடு இது ஒத்துப்போகிறது. வந்தவன், வந்தவள் என நம் சொல்லில் பால் ஈற்றில் தெரிவதைப் போலவே ஜெர்மனிலும் ஆணா பெண்ணா என்பதை ஆளே முடிவு செய்கிறார். ஆனால் தமிழில் ‘வந்தவனை’, ‘வந்தவனுக்கு’ என்று பாலீற்றுக்குப் பின் வேற்றுமை உருபு தனியாக ஒட்டிக்கொள்கிறது. ஜெர்மனிலோ ஒரே ஈறு பாலையும் எண்ணையும் வேற்றுமையையும் சேர்த்துச் சுமக்கிறது. அதிலும், முன்னால் நிற்கும் சுட்டுச்சொல் அந்தச் சுமையில் எவ்வளவை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டது என்பதைப் பொறுத்து ஈறு மாறுகிறது. ‘டேர்’ தானே ஆண்பாலைக் காட்டிவிடுவதால் சொல் ‘எ’ என்று அடங்கி முடிகிறது. ஒரு என்னும் ‘ஐன்’ ஆண்பாலுக்கும் அலிப்பாலுக்கும் பொதுவானதால், ‘எர்’ என்ற ஈற்றைச் சொல்லே தாங்க வேண்டியிருக்கிறது. இதைப் பெயர்ச்சொல்லாகக் கருதாமல் பெயரடையாகக் கருதி வேற்றுமைப்படுத்த வேண்டும் என்ற ஒரே விதியில் இவை அனைத்தும் அடங்கும்.

பெர்லின்-பிராண்டன்பர்க் அறிவியல் கழகம் நடத்தும் டே-வே-டே-எஸ் அகராதியை நான் நாள்தோறும் திறக்கிறேன். எந்தப் பெயரடை, எந்த வினை இந்தச் சொல்லோடு அடிக்கடி வருகிறது என்பதை உண்மையான நூல்களிலிருந்தும் செய்தித்தாள்களிலிருந்தும் தொகுத்துக் காட்டும் அதன் சொற்சேர்க்கைப் பகுதி மிகவும் பயனுள்ளது. விளக்கங்கள் ஜெர்மனிலேயே இருப்பதால் தொடக்க நிலையினருக்குக் கடினமாக இருக்கும். டூடென் அகராதியில் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் தனித்தனிப் பதிவுகள் உள்ளன. ஐயம் எழும்போது அதையும் பார்ப்பது நல்லது.

இனி, 1949 மே 23 அன்று அறிவிக்கப்பட்ட அடிப்படைச் சட்டம். அதன் 46ஆம் பிரிவு உறுப்பினரின் சட்டப் பாதுகாப்பைப் பற்றியது. அவையில் அளித்த வாக்குக்காகவோ சொன்ன கருத்துக்காகவோ உறுப்பினர் ஒருவர்மீது வழக்குத் தொடரலாகாது என்று தொடங்கும் முதல் தொடரின் எழுவாய் ‘ஐன் அப்கெஓர்ட்னெட்டெர்’. மூன்றாம் உட்பிரிவில் உறுப்பினர் ஒருவரின் தனிமனித விடுதலையைக் கட்டுப்படுத்துவது பற்றிப் பேசும்போது ‘ஐனெஸ் அப்கெஓர்ட்னெட்டென்’ என ஆறாம் வேற்றுமையும், அதே தொடரில் உறுப்பினர் ஒருவருக்கு எதிரான நடவடிக்கை என்னுமிடத்தில் ‘கேகென் ஐனென் அப்கெஓர்ட்னெட்டென்’ என இரண்டாம் வேற்றுமையும் வருகின்றன. ஒருமையில் மூன்று வேற்றுமைகள் ஒரே பிரிவுக்குள் கிடைத்துவிடுகின்றன.

அடுத்து வரும் 47ஆம் பிரிவை நான் மனப்பாடமே செய்துவிட்டேன். தம்மிடம் நம்பிச் சொல்லப்பட்டவற்றைப் பற்றிச் சாட்சியம் அளிக்க மறுக்கும் உரிமை உறுப்பினர்களுக்கு உண்டு என்கிற அதன் முதல் தொடர் ‘டீ அப்கெஓர்ட்னெட்டென்’ என்று தொடங்குகிறது. ‘உறுப்பினர்கள் என்ற தகுதியில்’ என்னும் இடத்தில் ‘அல்ஸ் அப்கெஓர்ட்னெட்டெ’ என்கிறது. இரண்டும் பன்மையே. முன்னதில் ‘டீ’ இருப்பதால் ‘என்’; பின்னதில் சுட்டுச்சொல் இல்லாததால் ‘எ’. பாடநூலின் அட்டவணை பக்கம் முழுக்கப் பரப்பி வைப்பதை இந்த ஒரு தொடர் அருகருகே நிறுத்திக் காட்டுகிறது. அதுவும் உயிருள்ள சட்டமாக, ஒரு குடியரசு தன் மக்களின் பிரதிநிதிகளை எப்படிக் காக்கிறது என்று சொல்லிக்கொண்டே காட்டுகிறது. பொருள் நெஞ்சில் தங்குவதால் ஈறும் உடன் தங்கிவிடுகிறது.

எண்ணுப்பெயரோடு பழக 2025 தேர்தலுக்குப் பிந்தைய அவை பொருத்தமான சான்று. 2023ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி அவையின் உறுப்பினர் எண்ணிக்கை 630. ‘630 அப்கெஓர்ட்னெட்டெ’, ‘டீ 630 அப்கெஓர்ட்னெட்டென்’ என இரண்டையும் செய்திகளில் காணலாம். பல என்னும் ‘ஃபீலெ’ முன் வந்தால் ‘எ’, அனைத்து என்னும் ‘அல்லெ’ முன் வந்தால் ‘என்’. அவைக்குறிப்புகளில் பேச்சுக்கு நடுவே அடைப்புக்குறிக்குள், இன்ன கட்சியின் உறுப்பினர்கள் சிலர் கைதட்டினர் என்று பதிவாகும் இடங்களில் ‘பை அப்கெஓர்ட்னெட்டென்’ எனச் சுட்டுச்சொல் இல்லாத நான்காம் வேற்றுமைப் பன்மை திரும்பத் திரும்ப வரும். எல்லாவற்றிலும் கடினமானது ஆறாம் வேற்றுமைப் பன்மைதான்: உறுப்பினர் இருவரின் என்பதற்கு ‘ட்ஸ்வையெர் அப்கெஓர்ட்னெட்டெர்’. ஆண்பால் ஒருமையைப் போலத் தோன்றும் இந்த ‘எர்’ ஈற்றை முன்னால் உள்ள சொல்லைக் கொண்டே அடையாளம் காண வேண்டும்.

வழக்கைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். பெண் உறுப்பினருக்கு ‘இன்’ ஈறு சேர்ப்பதில்லை. ‘டீ அப்கெஓர்ட்னெட்டெ’ என்பதே முறை. ஆனால் இதே குடும்பத்தைச் சேர்ந்த ‘பெஆம்டெ’, அதாவது அரசு அலுவலர், பெண்பாலில் ‘பெஆம்டின்’ என்று ஆகிவிடுகிறது. விதிவிலக்காக அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பன்மையில் இருபாலுக்கும் ஒரே வடிவம் என்பதால், பால் சமன்மை கருதி எழுதுவோருக்கு இந்தச் சொல் எந்த இடையூறும் தருவதில்லை. நேரில் விளிக்கையில் ‘ஹெர் அப்கெஓர்ட்னெட்டெர்’, ‘ஃப்ராவ் அப்கெஓர்ட்னெட்டெ’. ஆஸ்திரியாவில் 183 பேர் கொண்ட கீழவையின் உறுப்பினரைக் குறிக்கும்போது ‘ட்ஸும் நாட்ஸியோனால்ராட்’ என்று ‘ட்ஸும்’ சேர்த்துச் சொல்வது அந்நாட்டு மரபு. ஜெர்மனியில் உறுப்பினர் பெயருக்குப் பின் எழுதும் ‘எம்-டே-பே’ (புண்டெஸ்டாக்கின் உறுப்பினர்) என்ற சுருக்கத்தில் உறுப்பினரைக் குறிக்கும் ‘மிட்க்லீட்’, ஆணானாலும் பெண்ணானாலும் அலிப்பாலே.

இந்த முறை காதுக்கு அதிகம் உதவாது. விரைவான பேச்சில் ‘டெ’, ‘டென்’ வேறுபாடு மங்கிவிடுவதால், புண்டெஸ்டாக்கின் நேரலையைக் கேட்டுவிட்டு அதே நாளின் அவைக்குறிப்பை வாசிக்கும் பயிற்சியைத் தனியாகச் செய்ய வேண்டியிருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் 46, 47ஆம் பிரிவுகளையும், பின்னர் உறுப்பினர்கள் தம் மனச்சான்றுக்கு மட்டுமே கட்டுப்பட்டவர்கள் என்று கூறும் 38ஆம் பிரிவையும், அதன் பிறகே அவைக்குறிப்புகளையும் எடுத்துக்கொள்ளலாம். அகராதி எல்லா நிலையிலும் பக்கத்தில் இருக்கட்டும்.