'புது சிலிண்டர்' என்று வந்தது பழைய தீயணைப்பான்: பிளான்டட் டேங்க் வைப்பவர்கள் ₹11,400 தண்டம் அழாதீர்கள்

பிளான்டட் டேங்க், அதாவது செடி வளர்க்கும் மீன் தொட்டிக்கு, சிஓ2 (செடிகளுக்கு ஊட்டும் கரியமில வாயு) செட் வாங்க நினைப்பவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் எப்படிச் சோதிப்பது என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், கை இன்னும் நடுங்குகிறது.

விற்றது, மீன் வளர்ப்போர் குழுக்களில் விளம்பரம் போட்டு, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, லாரி பார்சலில் அனுப்பும் ரகக் கடை. பெயர் வேண்டாம். 2 கிலோ சிலிண்டர், 'டூயல் ஸ்டேஜ்' ரெகுலேட்டர் (அழுத்தத்தைக் குறைப்பது), சோலினாய்டு (மின்சார வால்வு), பபிள் கவுண்டர் (குமிழி எண்ணுவது), டிஃப்யூசர் (வாயுவை நுண்குமிழியாக்குவது), டிராப் செக்கர் (தண்ணீரில் சிஓ2 அளவை நிறத்தில் காட்டுவது), டியூப் எல்லாம் சேர்த்து ₹11,400. முழுப் பணமும் முன்கூட்டியே, யூபிஐயில்.

நம்ப வைத்தது ஒரு வாய்ஸ் நோட். சிலிண்டர் புதுசா, அழுத்தம் தாங்குமா என்று கடைசியாகப் பார்த்த டெஸ்ட் தேதி என்ன என்று கேட்டதற்கு, "அண்ணா, என் சொந்தத் தொட்டியிலயே இதான் ஓடுது, கண்ண மூடிட்டு வாங்குங்க" என்று பதில். கூடவே ரோட்டாலா செடி சிவந்து நிற்கும் தொட்டியில் பனிமூட்டம்போல் குமிழி கிளம்பும் வீடியோ. கேட்டது டெஸ்ட் தேதி, வந்தது செடி வீடியோ. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

பார்சலில் காலி சிலிண்டர்தான் வந்தது, அது வழக்கம்தான். வெல்டிங் கேஸ் நிரப்பும் ஒரு இடத்தில் கேள்வியே கேட்காமல் நிரப்பிக் கொடுத்தார்கள். மாட்டியது முறைப்படிதான்: புது வாஷர், நீடில் வால்வு (குமிழி வேகத்தை நுணுக்கமாக அமைப்பது) மூடி, ரெகுலேட்டர் குமிழை (திருகும் கைப்பிடியை) முழுக்கத் தளர்த்தி, அதன்பிறகே சிலிண்டர் வால்வை மெல்லத் திறந்தது. ஏசி அறை, 26 டிகிரி. ஹை பிரஷர் மீட்டர் 65 பாரை (ஏறத்தாழ காற்றழுத்தத்தைப்போல் 65 மடங்கு) தொட்டது, அந்தச் சூட்டுக்கு அது சரிதான். வேலை அழுத்தத்தை 2 பாரில் வைத்தால் முள் அங்கே நிற்கவே இல்லை. 3, 5, 7 என்று தானாக ஏறி, பபிள் கவுண்டரிலிருந்து டியூப் 'டப்' என்று பிய்த்துக்கொண்டது. வால்வை மூடுவதற்குள் பித்தளை முழுக்க வெள்ளை வெளேர் என்று பனி, நீடில் வால்வு வாயில் உப்புக்கல் மாதிரி உலர்பனி (உறைந்த சிஓ2).

நொடிக்கு ஒன்றிரண்டு குமிழி விடும் ரெகுலேட்டரில் பனி பிடிக்க வேலையே இல்லை. அந்த அளவு வாயு அதைக் குளிரவைக்கக்கூடக் காணாது. டியூப் கழன்று வாயு பீறிட்டதில் கொஞ்சம் குளிரலாம். ஆனால் உலர்பனி அப்படி வாயில் வந்து உட்காருகிறது என்றால் உள்ளே போனது பெரும்பாலும் திரவம். நிமிர்த்தி வைத்த சிலிண்டரில் மேலே வாயு, கீழே திரவம். அளவு மீறி நிரப்பாத சிலிண்டரில் மேலிருந்து திரவம் வர வழி, வால்விலிருந்து அடிவரை இறங்கும் குழாய். அது வழக்கமாக இருப்பது தீயணைப்பான் சிலிண்டரில். நெருப்பின் மேல் திரவத்தைக் கொட்டுவதற்காகவே வைத்த குழாய் அது. அந்தத் திரவம் ஆவியானால் ஏறத்தாழ 400 மடங்கு பெருக்கும். ரெகுலேட்டர் சீட்டை (உள்ளே வாயு வழியை அடைக்கும் இடம்) தாண்டி ஒரு சொட்டு கசிந்தாலும் முள் எகிறத்தான் செய்யும். சீட்டும் ஓ-ரிங்கும் (ரப்பர் வளையம்) அந்தக் குளிரில் விறைத்து, பிறகு சரியாக மூடாது. இப்போது அந்த ரெகுலேட்டர், குமிழைத் தளர்த்தி வைத்தாலும் கசிகிறது.

சிலிண்டரைக் காலி செய்து வேறொரு ரீஃபில் கடைக்குக் கொண்டுபோனதும், அந்தப் பெரியவர் வால்வைப் பார்த்த மாத்திரத்தில், "தம்பி, இது ஃபயர் சிலிண்டர்ப்பா" என்றார். வால்வைக் கழற்றினார். ஒரு முழ நீளக் குழாய் கூடவே வெளியே வந்தது. தோள்பட்டையில் கறுப்பு பெயின்ட்டை ஸ்குரூ டிரைவரால் சுரண்டினால் அடியில் சிவப்பு. எண்கள் பொறித்த இடத்தில் பட்டி வைத்துத் தேய்த்து மூடியிருந்தார்கள். பட்டியைப் பெயர்த்தால் கடைசி ஹைட்ரோ டெஸ்ட் (நீரழுத்தச் சோதனை) 09/13, அதாவது 2013 செப்டம்பர். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை டெஸ்ட் பார்க்க வேண்டிய சிலிண்டர்! 65 பார் அழுத்தத்தை வரவேற்பறையில் வைக்கிறோம், அதில் பட்டி பூசுகிறான்.

இனி கடைக்காரர் சொன்ன பதில்கள், வரிசைப்படி. முதல் நாள்: "வால்வ வேகமா திறந்திருப்பீங்கண்ணா." இரண்டாம் நாள்: "உங்க ஊர் கேஸ் சரியில்ல." குழாயைப் படம் எடுத்து அனுப்பியதும்: "அப்ப சிலிண்டர தலகீழா வெச்சு ஓட்டுங்க, வராது." இதைவிடப் பெரிய ஒப்புதல் வாக்குமூலம் வேண்டுமா? தலைகீழாகக் கவிழ்த்தால் குழாயின் வாய் வாயுப் பக்கம் போய்விடும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. குழாய் இருப்பது தெரிந்தேதான் விற்றிருக்கிறார். நான்காம் நாள்: "பிரஷர் ஐட்டத்துக்கு ரிட்டர்ன் கிடையாது." பிறகு நீல டிக் மட்டும். இப்போது அதுவும் இல்லை, பிளாக். ₹11,400.

'டூயல் ஸ்டேஜ்' கதை தனி. இரண்டு மீட்டர் இருந்தால் டூயல் ஸ்டேஜ் என்று சொல்லி விற்கிறார்கள். இரண்டு மீட்டர் என்றால் ஒன்று சிலிண்டர் அழுத்தம், மற்றது வெளியே வரும் அழுத்தம், அவ்வளவுதான். இரண்டு கட்டமாக அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரில், குமிழ் உள்ள அறை போக இன்னொரு அறை உடம்பிலேயே தெரியும். சிங்கிள் ஸ்டேஜில் குறையே அதன் சுபாவம்தான். சிலிண்டரில் திரவம் தீர்ந்து அழுத்தம் இறங்கும்போது வெளி அழுத்தம் ஏறும், குமிழி இரட்டிப்பாகும். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் இது நடந்தால், திரும்பி வரும்போது மீன்கள் மேலே வாயைப் பிளந்துகொண்டிருக்கும்.

டிராப் செக்கரோடு வந்தது நீல நிறக் குப்பி ஒன்று மட்டும். "தொட்டித் தண்ணியிலயே ரெண்டு சொட்டு விடுங்க" என்றார். தவறு. உள்ளே இருக்க வேண்டியது 4 டிகேஹெச் நீர் (டிகேஹெச் என்பது தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மையின், அதாவது கேஹெச்சின் அளவு). அதில்தான் பச்சை நிறம் ஏறத்தாழ 30 பிபிஎம் (லிட்டருக்கு 30 மில்லிகிராம்) சிஓ2 என்று பொருள்படும். தொட்டித் தண்ணீரின் கேஹெச் வேறாக இருந்தால் பச்சைக்கு ஒரு அர்த்தமும் இல்லை. வீட்டிலேயே செய்யலாம்: 1.2 கிராம் சமையல் சோடாவை 1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து, அதில் 100 மில்லி எடுத்து 900 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் கலக்கினால் 4 டிகேஹெச். அந்த நிறமும் ஒன்றிரண்டு மணி நேரம் பின்தங்கியே மாறும். நீலமாக இருக்கிறதே என்று உடனே குமிழியைக் கூட்டாதீர்கள்.

டியூப்பும் சிலிகான். அதன் சுவர் வழியாகவே சிஓ2 கசியும். பாலியூரித்தேன் டியூப்தான் வேண்டும்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாக இவ்வளவுதான்:

தோள்பட்டை எண்களின் படம் கேளுங்கள். தேதியும் காலி எடையும் தெரியாத சிலிண்டர் வேண்டாம். தூரத்தில் இருந்து வாங்குவதாக இருந்தால் வால்வைக் கழற்றி உள்ளே குழாய் இல்லை என்று வீடியோ காட்டச் சொல்லுங்கள். சென்னைக்காரர்கள் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் நேரில் போய்ப் பார்த்தே வாங்கலாம்.

நிரப்பும்போது தராசில் வைத்து நிரப்பச் சொல்லுங்கள். 2 கிலோ சிலிண்டரில் 2 கிலோதான். "கொஞ்சம் அதிகமா போட்டுத் தரேன்" என்றால் மறுத்துவிடுங்கள், நம்ம ஊர் வெயிலில் 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம் என்று ஒன்று இருக்காது, நிறைத்த சிலிண்டரில் அழுத்தம் கிடுகிடுவென ஏறும். மீதி எவ்வளவு என்று மீட்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது, எடைதான் சொல்லும்.

மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். செக் வால்வு (தொட்டித் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி ஏறாமல் தடுப்பது) இல்லாமல் ஓட்டாதீர்கள்.

முன்பணம் முழுக்கக் கொடுக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்தாயிற்று.

இன்று காலை அதே குழுவில் அதே வீடியோ திரும்பவும் வந்திருக்கிறது. அதே ரோட்டாலா, அதே ₹11,400, கீழே 'லிமிடெட் ஸ்டாக்'.